முப்பது மில்லிக்குக் கீழே

சிவகாசி வட்டாரத்தில் தீக்காயக் கொப்புளத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. தீக்குச்சி சுட்டு விரல் நுனியில் எழும்பியதாக இருக்கலாம். பட்டாசு மருந்து அறையில் தீப்பிடித்து ஒருவரின் முதுகு முழுக்கப் பரவியதாகவும் இருக்கலாம். "தண்ணி கோத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கொப்புளத்துக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. அது ரத்தத்திலிருந்து சிவப்பணுக்கள் நீங்கலாகக் கசிந்து வந்த திரவம். உப்பும் புரதமும் அதில் கரைந்திருக்கின்றன. சூடு பட்ட இடத்தில் நுண்குழாய்களின் சுவர் தளர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்து திசுக்களுக்கு நடுவே தேங்குகிறது.

கசிவு எவ்வளவு பெரிதாகப் போகும் என்பதற்குத் தீக்காய வார்டில் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்ல்ஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்தது அது. நோயாளியின் எடையை, உடற்பரப்பில் காயம்பட்ட சதவீதத்தால் பெருக்கி, அதை மீண்டும் நான்கால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 சதவீதக் காயம் என்றால் 7,200 மில்லி. ஏழு லிட்டருக்கு மேல் திரவத்தை 24 மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும், அதிலும் பாதியைக் காயம்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள். வெடிவிபத்தில் சிக்கியவரைச் சிவகாசி அரசு மருத்துவமனையில் சேர்த்ததும் முதல் வேலையாக டிரிப் பாட்டிலைத் தொங்கவிடுவதற்கும், மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஆம்புலன்ஸிலும் அது தொங்கிக்கொண்டே போவதற்கும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இந்த அத்தியாயம் தீக்காயத்தைப் பற்றியது அல்ல. அதே திரவம் வேறோர் இடத்தில், தீயின் தொடர்பே இல்லாமல், மெதுவாக, நாள் கணக்கில் கசிவதைப் பற்றியது. வயிற்றின் தொங்கு தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்து இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'டம்மி டக்' என்பார்கள். தமிழில் வயிற்றுச் சீரமைப்பு என்று எழுதலாம். அது முடிந்து படுக்கைக்குத் திரும்புகிறவரின் அடிவயிற்றிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே நீண்டு, இரண்டு பாட்டில்களில் போய் முடியும். ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் வைப்பார்கள். பலருக்கு அப்படியே நடக்கும். சிலருக்கு இரண்டாம் வாரம் தாண்டும், மூன்றாம் வாரம் பிறக்கும், பாட்டிலில் தினமும் ஐம்பது, அறுபது மில்லி என்று நின்றுகொண்டே இருக்கும். ஏன் நிற்கிறது, எவ்வளவு நாள் பொறுக்கலாம், எப்போது அந்தக் குழாயே வினையாகிறது என்பவைதான் நம் கேள்விகள்.

இது பணக்காரர்களின் அழகு விவகாரம், பட்டாசுக் கட்டும் ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். அதே கணக்கெடுப்பில் மாநிலத்துப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். சிசேரியன் ஒன்று, அதற்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், சிலருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஒரே வயிற்றில் கத்தி பலமுறை பட்டிருக்கும். பழைய தழும்பின் வழியே குடல் பிதுங்கி வருவது இதன் தொடர்ச்சி. அந்தக் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கும்போது, தொங்கும் வயிறு தடையாக இருந்தால் அதையும் சேர்த்து வெட்டி எடுப்பதுண்டு. இது அழகுக்காகச் செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிவகாசிக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. முகம், கழுத்து வெந்து பிழைத்தவர்களுக்கு மாதங்கள் கழித்துத் தழும்பு இறுகி, தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இறுக்கத்தை விடுவித்தால் அங்கே புதிய தோல் வேண்டும். முழுத் தடிமன் உள்ள தோலை எடுக்க நல்ல இடம் அடிவயிறு. எடுத்த இடத்தை மூடுவதற்கு வயிற்றுச் சீரமைப்பில் செய்வதுபோலவே மேல்தோலை விடுவித்துக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். தீக்காயத்துக்கும் தொப்பைக்கும் ஒரே மருத்துவர் வைத்தியம் பார்ப்பது தற்செயல் இல்லை. இரண்டுமே தோலை நகர்த்தும் கலைதான்.

அறுவை மேஜையில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, அடிவயிற்று மயிர்க்கோட்டை ஒட்டிக் கீறல் போடுவார்கள். அங்கிருந்து தோலும் கொழுப்பும் சேர்ந்த தடித்த அடுக்கை, வயிற்றுத் தசையை மூடியிருக்கும் வெள்ளைச் சவ்விலிருந்து பிரித்துக்கொண்டே மேலே போவார்கள். தொப்புளைச் சுற்றி வெட்டி அதை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். விலா எலும்பின் ஓரம் வரை பிரித்ததும், பிரசவத்தில் விலகிப்போன இரண்டு நடுத்தசைகளை நெடுக்காகத் தைத்துச் சேர்ப்பார்கள். பிறகு மேலடுக்கைக் கீழே இழுத்து, மிஞ்சுவதை வெட்டி, தொப்புளுக்குப் புதிய துளை போட்டு, கீறலை மூடுவார்கள்.

வெளியே தெரிவது ஒரு தையல் கோடு மட்டும். உள்ளே, விலாவிலிருந்து இடுப்பு வரை, இரண்டு பெரிய பச்சைப் பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் கிடக்கின்றன. அந்தப் பரப்பைப் பிரித்தபோது தசையிலிருந்து தோலுக்கு வந்த சிறு ரத்தக்குழாய்கள் அறுபட்டன. கொழுப்புக்குள் ஓடிய நிணநீர்க் குழாய்களும் அறுபட்டன. ரத்தக்குழாய்களின் வாயைச் சூட்டுக்கோலால் பொசுக்கி அடைத்துவிடலாம். நிணநீர்க் குழாய் கண்ணுக்கே தெரியாது. வாய் திறந்தபடி சொட்டும். போதாததற்கு, புண்பட்ட பரப்பு முழுவதும் நுண்குழாய்கள் தளர்ந்து பிளாஸ்மா கசியும். தீக்காயத்தில் நடந்ததே, சிறிய அளவில். மார்பக அறுவைக்குப் பின் சேரும் நீரைச் சோதித்தவர்கள், அது வெறும் நிணநீர் இல்லை, பெரும்பாலும் காயத்தின் அழற்சியால் வரும் கசிவு என்றார்கள். வயிற்றுக்குள் எது எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒரே குரலில் பேசுவதில்லை.

இரண்டு பரப்பும் ஒட்ட வேண்டும். அதுதான் குணமாவது. அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தாளுக்கும் அட்டைக்கும் நடுவே கொப்புளம் நின்றால் அந்த இடத்தில் பசை பிடிக்காது, காயும்வரை தாளை நகர்த்தினால் எங்குமே பிடிக்காது. வயிற்றுக்குள் ஃபைப்ரின் என்ற புரதம்தான் பசை. ரத்தம் உறையும்போது வலைபோல் படர்வது இதுவே. முதல் சில நாட்களில் அது இரண்டு பரப்பையும் லேசாகப் பிடித்துவைக்கும். பிறகு நாரிழைச் செல்கள் அந்த வலைக்குள் நுழைந்து கொலாஜன் நெய்து நிரந்தரமாகப் பிணைக்கும். நடுவே நீர் தேங்கினால் முதல் பிடிப்பே கிடைக்காது. இருமல், தும்மல், சட்டென்று எழுதல், குனிதல் என்று ஒவ்வொன்றிலும் மேலடுக்கு தசையின் மேல் உரசி நகரும். கிடைத்த பிடிப்பும் அறுந்து மறுபடி கசியும். இப்படித் தேங்கும் நீருக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் சீரோமா. வயிற்றுச் சீரமைப்பின் சிக்கல்களில் அடிக்கடி வருவது இதுதான்.

குழாய் வைப்பது இந்த இடைவெளியை வற்றவைக்கத்தான். மனிதர்கள் உடம்புக்குள் குழாய் வைத்தது புதிதல்ல. மகோதரத்துக்கு, அதாவது வயிற்றில் நீர் கோத்த நோய்க்கு, தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் துளைத்து உலோகக் குழாயோ பறவை இறகின் தண்டோ செருகச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை. எல்லா நீரையும் ஒரே நாளில் வடித்துவிடாதே, இடைவெளி விட்டு வடி என்று எச்சரிக்கவும் செய்கிறது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு நாள் என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் ரப்பர் குழாயைப் பரவலாக்கியவர் பாரிஸ் அறுவை மருத்துவர் சாசன்யாக், ஆண்டு 1859. அதன் பின் அரை நூற்றாண்டு அறுவை உலகம் இரண்டு கட்சியாக நின்றது. சந்தேகம் வந்தால் குழாய் வை என்றது ஒரு கட்சி. திசுக்களைக் கவனமாகக் கையாண்டு இடைவெளியில்லாமல் மூடத் தெரிந்தவனுக்குக் குழாய் எதற்கு என்றது அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் போன்றவர்களின் கட்சி. 1905இல் யேட்ஸ் என்பவர் விலங்குகளின் வயிற்றறைக்குள் குழாய் வைத்துச் சோதித்தார். சில மணி நேரத்திலேயே சுற்றியுள்ள திசுக்கள் குழாயை ஒட்டி மூடி, அதைத் தனிமைப்படுத்திவிட்டதைக் கண்டார். குழாயை உடல் விருந்தாளியாக ஏற்பதில்லை என்ற அந்தப் பாடம் பின்னால் நமக்கு உதவும்.

உறிஞ்சும் குழாய் வந்தது 1954இல், பிரான்ஸின் ரெடான் வழியாக. அதற்கு முன் குழாய் என்பது திறந்த வாய். நீர் தானாக வழிந்து கட்டுத்துணியை நனைக்கும், அதே வழியில் கிருமி உள்ளே போகும். ரெடான் அதை மூடிய பாட்டிலோடு இணைத்து, பாட்டிலில் வெற்றிடம் உண்டாக்கினார். இன்று நம் மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் பாட்டில். ஆக்ராவிலுள்ள ரோம்சன்ஸ் தயாரிப்பின் பெயராலேயே பல வார்டுகளில் அதை 'ரோமோவாக்' என்பார்கள். நோயாளிகளுக்கு அது வெறும் 'டியூப்'.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் தந்திரம் புரியும். உள்ளே சுருள் கம்பிகள் இருக்கின்றன. மூடியைத் திறந்து பாட்டிலை அமுக்கினால் காற்று வெளியேறும்; அமுக்கிய நிலையிலேயே மூடிவிட்டால் கம்பிகள் நிமிர முயலும்; அந்த முயற்சிதான் உறிஞ்சல். உடம்புக்குள் இருக்கும் முனையில் பக்கவாட்டில் நிறையத் துளைகள் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக நெடுக ஒரு கோடு ஓடும். குழாயின் அளவை 10, 12, 14, 16 என்று சொல்வது சாரியே என்ற பாரிஸ் கருவித் தச்சரின் கணக்கு: எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் வரும். 14 என்றால் கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர். உள்துளை அதைவிடச் சிறிது. குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் திரவம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பாய்சியின் விதி. ஒரு சின்ன ரத்தக்கட்டி உள்ளே ஒட்டிக்கொண்டாலே வடிதல் படுத்துவிடுவது இதனால்தான். செவிலியர் தோலுக்கு அருகே குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரலால் பாட்டிலை நோக்கி நீவி விடுகிறாரே, அது இந்தக் கட்டிகளை விரட்டத்தான். பிடித்துக்கொள்ளாமல் நீவினால் தையலோடு குழாய் இழுபடும்.

முதல் நாள் பாட்டிலில் சேர்வது ரத்தச் சிவப்பாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் வெளிறும். வார இறுதிக்குள் இளமஞ்சளாகத் தெளியும். அளவும் அப்படித்தான் இறங்கும். முதல் இரண்டு நாள் ஒரு பாட்டிலில் நூறு மில்லியைத் தாண்டுவது சாதாரணம், பிறகு பாதி, அதற்குப் பிறகு அதிலும் பாதி. ஒரு குழாயில் 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் அந்தக் குழாயை எடுத்துவிடலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். இருபது வரை காத்திருப்பவர்களும் ஐம்பதிலேயே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். 30 என்பது இயற்கை எழுதிய எண் இல்லை; அந்த அளவை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் என்ற அனுபவத்தில் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்த நோயாளி அந்த எண்ணைப் பரீட்சை மார்க் போலப் பிடித்துக்கொள்கிறார். 32 வந்தால் அழுகை, 28 வந்தால் சந்தோஷம். இரண்டுக்கும் இடையில் உடம்பில் எந்த வித்தியாசமும் இல்லை. பார்க்க வேண்டியது எண்ணின் போக்கு.

எண் பொய் சொல்லவும் செய்யும். இப்படி ஒரு பேச்சு எந்த மருத்துவமனைத் தொலைபேசியிலும் கேட்கக்கூடியதுதான்:

"சிஸ்டர், நேத்து வரைக்கும் அறுவது வந்துச்சு. இன்னைக்குப் பத்துதான். டியூப்பை எடுத்துரலாமா?"

"ஏங்க்கா, பாட்டில் அமுங்கி இருக்கா, உப்பி இருக்கா?"

"உப்பித்தான் இருக்கு."

"அப்பக் காத்து ஏறிருச்சு. அமுக்கி மூடுங்க. வயிறு ஒரு பக்கமா வீங்கியிருக்கா பாருங்க."

பாட்டில் உப்பிவிட்டால் உறிஞ்சல் இல்லை. நீர் வயிற்றுக்குள்ளேயே நிற்கும், பாட்டிலில் எண் அழகாக இறங்கும். திடீரென்று விழும் எண் நல்ல செய்தியாக இருப்பதைவிட அடைப்பாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாட்டில் நிரம்ப நிரம்ப உறிஞ்சும் வலிமையும் குறையும். முக்கால் பங்கு நிரம்பும்வரை விட்டுவைத்தால் கடைசி நேர உறிஞ்சல் பெயரளவுக்குத்தான். காலை ஆறு மணிக்கு ஒரு நாளும் மறுநாள் பத்து மணிக்குமாக ஊற்றினால் முதல் நாள் கணக்கு 24 மணி நேரத்துக்கு, இரண்டாவது 28 மணி நேரத்துக்கு. அப்படியிருக்க இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இடப்பாட்டில், வலப்பாட்டில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவைப்பது இன்னொரு தவறு. ஒரு பக்கம் 15க்கு வந்திருக்கும், அதை எடுத்திருக்கலாம்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஐம்பதிலேயே நிற்கிறது என்றால்? காரணங்கள் பெரும்பாலும் அறுவை மேஜையிலும் அதற்கு முன்பும் இருப்பவை. பருமனான உடம்பில் கொழுப்பு தடித்தது, பிரிக்கும் பரப்பும் பெரியது. அதிக எடையை இழந்தபின் தோலை வெட்ட வருபவர்களுக்கும் கசிவு கூடுதல். அதே நேரத்தில் கொழுப்பையும் உறிஞ்சி எடுத்திருந்தால் கூடும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் திசு ஒட்டுவது தாமதம். வலை வைத்துக் குடலிறக்கத்தைச் சரிசெய்திருந்தால், வலையும் ஓர் அந்நியப் பொருள். அதைச் சுற்றியும் கசியும்.

நோயாளியின் கையில் இருப்பது அசைவு. இங்கேதான் சிவகாசி வேலைகள் குறுக்கே வருகின்றன. சரம் பின்னுவது, பெட்டி ஒட்டுவது, குழல் சுற்றுவது எல்லாமே தரையில் சம்மணமிட்டு முன்னால் குனிந்து செய்பவை. ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் வயிற்றின் மேலடுக்கு தசையின் மேல் உரசும். வீட்டில் இருந்தால் தண்ணீர்க்குடம். "சும்மாதானே இருக்கேன்" என்று உட்கார்ந்த இடத்தில் நான்கு கட்டுச் சரம் பின்னிக் கொடுப்பது சும்மா இருப்பதில் சேராது. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. பெரிய வயிற்று அறுவைக்குப் பின் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயம் இருக்கிறது, அது உயிரையே எடுக்கும். வீட்டுக்குள் சற்றுக் குனிந்த நிலையில் மெதுவாக, அடிக்கடி நடக்க வேண்டும். எடை தூக்குவதும் தரையில் உட்கார்ந்து எழுவதும் வேண்டாம். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைவிட, நைட்டியின் உட்புறம் இடுப்புக்குக் கீழே தொங்கும்படி ஒரு நாடாவில் கட்டிக்கொள்வது நல்லது. வயிற்றுப்பெல்ட்டும் ஒட்டுதலுக்கு உதவும். சித்திரை வெயிலில் அதற்குள் வியர்த்துக் கொட்டும், குழாய் தோலில் நுழையும் இடத்துக் கட்டு நனைந்து விலகும். நனைந்த கட்டை அப்படியே விடுவதைவிடத் தினமும் மாற்றிக்கொள்வது மேல்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீர் வடிகிறது என்றால் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் மாமியார்களும், பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டை புண்ணை ஆற விடாது என்று பத்தியம் போடும் அத்தைகளும் நம் பக்கத்தில் ஏராளம். குடிக்கும் தண்ணீருக்கும் பாட்டிலுக்கும் நேர்வழி கிடையாது. வடியும் நீரோடு புரதமும் போகிறது. புண்ணைப் பின்னும் கொலாஜனும் புரதமே. பருப்பும் முட்டையும் மீனும் வேண்டிய நேரத்தில் அவற்றை நிறுத்திவிட்டு ரசஞ்சோற்றில் மூன்று வாரம் ஓட்டுவது, கட்டடம் எழும்போது செங்கல் வண்டியை வாசலில் திருப்பி அனுப்பும் வேலை.

இப்போது யேட்ஸின் பாடத்துக்கு வருவோம். குழாயை உடல் ஏற்பதில்லை. சுற்றியுள்ள திசு அதை எரிச்சலோடு சூழ்ந்துகொண்டு தானும் கொஞ்சம் நீர் கசியும். முதல் வாரத்தில் இது பெரிய கசிவுக்குள் தெரியாது. மூன்றாம் வாரத்தில் வரும் முப்பது, நாற்பது மில்லியில் ஒரு பங்கு குழாயே உண்டாக்கியதாக இருக்கலாம். அப்போது எண் இறங்குவதற்காகக் குழாயை வைத்திருக்கிறோம், குழாய் இருப்பதால் எண் இறங்கவில்லை என்ற வளையத்தில் மாட்டிக்கொள்கிறோம். கூடவே, தோலில் இயல்பாக வாழும் கிருமிகள் குழாயின் வெளிப்பரப்பு வழியே உள்ளே ஏறுகின்றன. பிளாஸ்டிக்கின் மேல் அவை வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு குடியேறும். படலத்துக்குள் இருப்பவற்றை மாத்திரை எளிதில் கொல்லாது. நாள் கூடக் கூடத் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. எண் இறங்காவிட்டாலும் மூன்று வாரத்தோடு குழாயை எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கும் மருத்துவர்கள் அதிகம். அது அவசரமல்ல, கணக்கு. குழாய் இருக்கும்வரை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் பாதுகாப்பு என்று மருந்துக்கடையில் பட்டை பட்டையாக வாங்குவதில் பயனில்லை. மாத்திரைக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதில்தான் அது முடியும்.

எடுத்தபின் நீர் சேர்ந்தால்? வயிற்றின் ஒரு பக்கத்தைத் தட்டினால் மறுபக்கம் அலை தெரியும். வாரம் ஒருமுறை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சில தடவைகளில் வற்றிவிடும். வற்றாமல் மாதக்கணக்கில் நின்றால், நீரைச் சுற்றி உடல் ஒரு நார்ச்சுவர் கட்டிவிடும். உட்புறம் வழவழப்பான பை அது. வழவழத்த இரண்டு சுவர்கள் தாமாக ஒட்டாது. பிறகு சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் மருந்தைச் செலுத்த வேண்டும், அல்லது மறுபடி வெட்டித் திறந்து அந்தப் பையையே எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் இந்த அபாயம், தாமதித்தால் தொற்று. இரண்டுக்கும் நடுவே நிற்கும் முடிவு என்பதால்தான் அதை நாள்காட்டியோ பாட்டிலோ தனியாக எடுக்க முடிவதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

கடைசியில் வென்றது ஹால்ஸ்டெட் கட்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரேசிலின் பரூடியும் ஃபெரேராவும் 1998இல் ஒரு எளிய வழியை எழுதினார்கள்: மேலடுக்கைக் கீழே இறக்குமுன், அதன் அடிப்பகுதியைத் தசைச் சவ்வோடு ஆங்காங்கே தையல் போட்டுப் பிடித்துவிடு. இரண்டு ஆண்டு கழித்து டல்லஸ் நகரில் போலக் என்ற பெயருடைய மருத்துவர்கள் இருவர், தோலைக் கீழ்நோக்கி இழுத்தபடியே படிப்படியாக இந்தத் தையல்களைப் போட்டு, இழுவிசையையும் பரப்பிவிட்டார்கள். தையல் கோட்டின் மேல் இழுப்பு குறைந்தது, இடைவெளி மூடியது, அசைவு நின்றது. டல்லஸ், தீக்காயத்தின் திரவக் கணக்கைத் தந்த அதே ஊர். இந்த முறையில் தைப்பவர்களில் பலர் குழாயே வைப்பதில்லை. இன்னொரு பக்கம் போர்ச்சுகல் மருத்துவர்கள், கொழுப்பின் நடுவே ஓடும் ஸ்கார்ப்பா சவ்வையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் அடிவயிற்றில் வெட்டாமல் விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிணநீர்க் குழாய்கள் பலவும் அந்தப் பகுதியில் தப்பின. வடிந்த நீரும், குழாய் இருந்த நாட்களும் குறைந்தன. இரண்டு முறைகளிலும் குறை ஒன்று உண்டு: மேஜையில் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். எல்லா நோயாளிக்கும் எல்லாக் கைக்கும் அது வாய்க்காது. குழாய் நீரை எடுக்கும், இடைவெளியை மூடாது. மூட வேண்டியதை மேஜையிலேயே மூடுவது, பின்னால் மூன்று வாரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மேல்.

சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். பெரும்பாலோர் அங்கே போய் அறுவை செய்துகொண்டு நான்காம் ஐந்தாம் நாள் குழாயோடு வீடு திரும்புகிறார்கள். விருதுநகரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், குழாய் அடைத்துக்கொண்டால் ஓடிப்போக நடுவழியில் இன்னோர் இடம் இருக்கிறது. இருந்தாலும் அறுவை செய்யும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டியவை சில உண்டு. உள்ளே பிடிப்புத் தையல் போடுவீர்களா? எத்தனை குழாய், எந்த அளவுக்கு வந்தால் எடுப்பீர்கள், அந்த அளவுக்கு வராவிட்டால் எத்தனையாவது நாள் என்ன செய்வீர்கள்? ஊருக்குப் போனபின் பாட்டில் உப்பினால் இரவில் யாரைக் கூப்பிடுவது? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மருத்துவர் இவற்றுக்குப் பதில் வைத்திருப்பார்.

வீட்டில் ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், இடது, வலது, நிறம். தினமும் ஒரே நேரத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின். தெளிந்துவந்த நீர் மறுபடி கலங்கினாலோ நாற்றம் அடித்தாலோ, திடீரென்று கட்டிச் சிவப்பாக நிரம்பினாலோ, குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிச் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, கெண்டைக்கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். குழாயை வீட்டில் நீங்களாக இழுக்காதீர்கள்.